சூரியனை நோக்கிய சரிவு

(கழகத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் விண்வெளியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். குடிநீரும் சுடுகாட்டுப் பாதையும் இன்னும் வழக்காக இருக்கும் சேரிகள் உள்ள நாட்டில், செவ்வாய்க் கோளால் நமக்கு ஆவதென்ன என்று கேட்பதும் நியாயமே. அக்கேள்விக்கு நம் விடை இதுதான்: அறிவு எந்தத் தெருவுக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்ட நிலமன்று. வானத்தில் ஊர் என்றும் சேரி என்றும் எல்லைக்கல் நடப்படவில்லை. நமக்கு மறுக்கப்பட்டவற்றுள் முதன்மையானது கல்வி. உடனே பயன் தராத எதையும் நாம் அறிய வேண்டுவதில்லை என்று நாமே சொல்லத் தொடங்கினால், பிறர் போட்ட வேலிக்கு நாமே காவல் நிற்பவர்கள் ஆவோம்.

ஆகவே இன்று ஓர் இயந்திரத்தின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறோம். அது மணலில் சிக்கியது; குளிர்காலம் வருவதற்குள் மீள முயன்றது; மீளவில்லை. தோல்வியில் முடிந்த ஒரு கதையை விழா நாளில் ஏன் சொல்கிறோம் என்பது போகப் போக விளங்கும்.

ஊக்கமும் வாய்ப்பும்

2003-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாசா நிறுவனம் இரண்டு ஊர்திகளைச் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பியது. அவற்றிற்குப் பெயர் சூட்டப் பள்ளிப் பிள்ளைகளிடையே கட்டுரைப் போட்டி நடைபெற்றது. ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் எழுதினார்கள். பரிசு பெற்றவள் 9 வயதுச் சிறுமி. சைபீரியாவில் பிறந்து, அனாதை இல்லத்தில் வளர்ந்து, பின்னர் அமெரிக்கக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்டவள். அவள் தந்த பெயர்கள் 'ஸ்பிரிட்', 'ஆப்பர்ச்சுனிட்டி' என்பன. தமிழில் சொன்னால், ஊக்கம், வாய்ப்பு. தாய் தந்தையற்ற விடுதியில் இருட்டில் படுத்து வானத்தைப் பார்த்த ஒரு குழந்தை, தான் பெற்ற இரண்டையும் இரண்டு இயந்திரங்களுக்குப் பெயராகக் கொடுத்தாள். நம் கதை அவற்றுள் முதலாவதைப் பற்றியது.

ஸ்பிரிட் 2003 ஜூன் 10 அன்று புறப்பட்டு, 2004 ஜனவரி 4 அன்று செவ்வாயின் நடுக்கோட்டிற்குத் தெற்கே, குசேவ் என்னும் பெரும்பள்ளத்தில் இறங்கியது. அப்பள்ளத்தின் குறுக்களவு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பண்டைக் காலத்தில் அங்கு ஏரி இருந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதினார்கள். ஊர்தியின் எடை சுமார் 180 கிலோகிராம். ஆறு சக்கரங்கள். மிக விரைந்து சென்றாலும் ஒரு வினாடிக்கு 5 சென்டிமீட்டர்தான். நம் ஊர் மாட்டு வண்டி அதனைப் பலமுறை முந்திவிடும். அதற்கு உணவு சூரிய ஒளி. முதுகில் விரித்த தகடுகள் ஒளியை மின்சாரமாக்கும். அம்மின்சாரம் மின்கலங்களில் சேரும்.

அது உழைக்க வேண்டிய காலம் என்று வரையறுக்கப்பட்டது 90 செவ்வாய் நாள்கள். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடங்கள். மூன்று மாதத்திற்கென அனுப்பப்பட்டது ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. இடையில் அது சும்மா இருக்கவுமில்லை. இறங்கிய சமவெளியில் ஏரிப் படிவு கிடைக்கவில்லை. எரிமலைக் குழம்பு உறைந்த பாறையே கிடைத்தது. ஆகவே 2 கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்த குன்றுகளை நோக்கிச் சென்றது. அவற்றிற்குக் கொலம்பியாக் குன்றுகள் என்று பெயர். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதைந்தபோது உயிர் நீத்த ஏழு பேரின் நினைவாக இடப்பட்ட பெயர். அவ்வேழு பேரில் அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். அக்குன்றுகளுள் ஒன்றின் உச்சியை ஸ்பிரிட் 2005-ஆம் ஆண்டில் அடைந்தது.

2006 மார்ச்சில் முன்புற வலச் சக்கரம் சுழல்வதை நிறுத்தியது. அன்று முதல் அது பின்புறமாக நடந்தது, செயலற்ற சக்கரத்தை இழுத்துக்கொண்டே. இழுபட்ட சக்கரம் மண்ணில் கோடு கிழித்தது. 2007-இல் அவ்வாறு கிழிபட்ட ஓரிடத்தில் வெண்மையான மண் வெளிப்பட்டது. ஆராய்ந்தபோது அதில் 90 விழுக்காட்டளவு சிலிக்கா இருந்தது. வெந்நீர் ஊற்றோ நீராவித் துளையோ இருந்த இடத்தில்தான் அத்தகைய மண் உண்டாகும். செவ்வாயில் ஒரு காலத்தில் சுடுநீர் இருந்தமைக்கு அது வலுவான சான்றாயிற்று. நல்ல சக்கரம் உருண்டு போயிருந்தால் அம்மண் வெளியே வந்திராது. ஊனமான கால் தந்த கண்டுபிடிப்பு அது.

குளிர்காலத்தின் கணக்கு

செவ்வாயின் ஓராண்டு நம் 687 நாள்கள். ஆகவே அதன் குளிர்காலமும் நம் குளிர்காலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளும். அக்கோளின் பாதை வட்டமன்று, நீள்வட்டம். சூரியனுக்கு மிக அருகில் வரும்போது சுமார் 20.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் செல்லும்போது சுமார் 24.9 கோடி கிலோமீட்டர். தென்பாதியில் குளிர்காலம் வரும் காலமும், கோள் சூரியனை விட்டு விலகி நிற்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிட்டன. ஸ்பிரிட் தென்பாதியில் இருந்தது. ஆகவே குறைந்த ஒளி, நீண்ட இரவு, கொடிய குளிர் மூன்றும் ஒருசேர வந்து சூழும்.

அக்காலத்தில் சூரியன் வடவானில் தாழ்ந்து செல்லும். வெயிலில் வற்றல் காய வைப்போர் முறத்தை வெயில் வரும் பக்கம் சாய்த்து வைப்பதில்லையா? அதுபோல் ஊர்தியும் தன் தகடுகளை வடக்கு நோக்கிச் சாய்த்தாக வேண்டும். தகடுகளைத் தனியே திருப்பும் வசதி அதற்கில்லை. உடலையே சாய்க்க வேண்டும்; அதாவது வடக்கு நோக்கிய சரிவு ஒன்றைத் தேடி அதன்மேல் போய் நிற்க வேண்டும். 2004-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை அது அவ்வாறு ஒரு குன்றின் சரிவிலே கழித்தது. 2006-இல் வேறொரு மேட்டில் நின்று பிழைத்தது. 2008-இல் 'ஹோம் பிளேட்' எனப்படும் தாழ்ந்த மேட்டின் வடவோரத்தில், ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து நின்று பிழைத்தது. மூன்று குளிர்காலங்கள், மூன்று சரிவுகள்.

ஊர்தி புதிதாக இருந்தபோது தகடுகள் நாளொன்றுக்குச் சுமார் 900 வாட்-மணி மின்சாரம் தந்தன. 100 வாட் விளக்கு ஒன்றை 9 மணி நேரம் எரிக்கும் அளவு அது. நாளடைவில் தூசு படிந்தது, விளைச்சல் குறைந்தது. 2005 மார்ச்சில் வீசிய காற்று தகடுகளைத் துடைத்துவிட்டுப் போனது. மின்சாரம் மீண்டும் பெருகியது. ஆயினும் காற்றை யாரும் ஏவ முடியாது. 2008 நவம்பரில் ஒரு தூசுப் புயலின்போது ஒரு நாளின் விளைச்சல் 89 வாட்-மணிக்கு இறங்கியது. அதையும் ஊர்தி தாங்கியது.

மேலோடு உடைந்தது

2009 வசந்தத்தில் ஸ்பிரிட் ஹோம் பிளேட்டின் மேற்குப் பக்கமாகத் தெற்கே சென்றுகொண்டிருந்தது. மே மாதத் தொடக்கத்தில், பின்னர் 'டிராய்' என்று பெயரிடப்பட்ட இடத்தில், தரையின் மேலோடு உடைந்தது. மேலே பார்க்க உறுதியான நிலம். அடியில் இரும்பு சல்பேட்டு கலந்த, ஒட்டுத்தன்மையற்ற மென்மணல். சக்கரங்கள் சுழலச் சுழல உள்ளே இறங்கின.

கலிபோர்னியா மாநிலம் பாசடேனாவில் உள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தார் அடுத்துச் செய்ததை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, அவர்கள் ஓட்டுவதை நிறுத்தினார்கள். பதற்றத்தில் மேலும் சுழற்றினால் மேலும் புதையும். இரண்டாவதாக, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க விழைந்தார்கள். ஊர்தியின் கையில், கல்லை அருகில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டும் படக்கருவி ஒன்று இருந்தது. தொலைவில் உள்ளதைக் காண அது அமைந்ததன்று. இருந்தும் அக்கையை வயிற்றுக்கடியில் நீட்டிப் படம் எடுக்கச் செய்தார்கள். மங்கலான அப்படங்களில் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு கூரிய கல் தெரிந்தது. மூன்றாவதாக, டயாட்டம் மண்ணையும் களிமண் பொடியையும் கலந்து செவ்வாயின் மென்மணலை ஒத்த மணலை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார்கள். அதில் ஒரு சோதனை ஊர்தியைப் புதைத்து, மீட்கும் வழிகளை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் உள்ளதைப்போல் 38 விழுக்காடுதான் என்பதால், எடை குறைந்த இன்னொரு ஊர்தியைக் கொண்டும் சோதித்தார்கள்.

2009 நவம்பர் 17 அன்று மீட்பு முயற்சி தொடங்கியது. முதல் நாள் ஊர்தி ஒரு வினாடிக்குள் தானே நின்றுவிட்டது. வகுத்த அளவுக்குமேல் சாய்வதாக உணர்ந்ததே காரணம். பின்வந்த நாள்களில் சக்கரங்கள் மீட்டர் கணக்கில் சுழன்றன. ஊர்தி நகர்ந்தது மில்லிமீட்டர் கணக்கில். அம்மாத இறுதியில் பின்புற வலச் சக்கரமும் தடைப்பட்டுப் பின் செயலிழந்தது. ஆறில் நான்கே எஞ்சின.

2010 ஜனவரியில் பின்புறமாக இயக்கிப் பார்த்தார்கள். அப்போது நகர்வு கூடியது. பிப்ரவரி 8-ஆம் நாள் கடைசியாக ஓடியது வரை அது நகர்ந்த தொலைவு ஓரடிக்குச் சற்றுக் கூடுதல். உங்களுக்கு இது சிறியதாகத் தோன்றலாம். மாதக்கணக்கில் மில்லிமீட்டராக எண்ணியவர்களுக்கு அது பெரிய வழி. முறை கைவந்துவிட்டது, ஆனால் காலம் கைவிட்டுவிட்டது. சக்கரங்களைச் சுழற்ற மின்சாரம் இல்லை. வடக்கு நோக்கிச் சாய வேண்டிய ஊர்தி, சிக்கிய இடத்தில் தெற்கு நோக்கிச் சுமார் 9 பாகை சாய்ந்து நின்றது. அச்சாய்வைத் திருத்தவும் இயலவில்லை.

மார்ச் மாதத்தில் நாளொன்றின் விளைச்சல் ஏறத்தாழ 130 வாட்-மணி. அதே 100 வாட் விளக்கு, ஒன்றேகால் மணி நேரம். 2010 மார்ச் 22 அன்று ஸ்பிரிட் பேசியது, அதன்பின் பேசவில்லை. மின்கலம் குறைந்தால் கடிகாரம் ஒன்றைத் தவிர மற்றனைத்தையும் அணைத்துவிட்டு உறங்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. உள்ளிருந்த சிறு கதிரியக்க வெப்பிகள் எட்டும் தலைக்கு ஒரு வாட் சூடு தந்துகொண்டிருக்கும், அவ்வளவே. குளிர் அது முன்பு அறியாத அளவுக்கு இறங்கும் என்று பொறியாளர்கள் முன்னரே கணக்கிட்டிருந்தார்கள். மே மாதத்தின் இடையில் அங்கே நடுக்குளிர்காலம். பின்னர்ச் சூரியன் மெல்ல உயர்ந்தது. பூமியிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகளை அனுப்பினார்கள். விடை வரவில்லை. 2011 மே 25 அன்று கடைசிக் கட்டளை சென்றது. அது கடந்த மொத்தத் தொலைவு 7.73 கிலோமீட்டர்.

மௌனத்திற்குப் பின் வந்த செய்தி

இதோடு கதை முடிந்ததென்று எண்ண வேண்டா. 2010 ஜூனில், அது மௌனமான பிறகு, 2005-இல் அது ஆராய்ந்த 'கொமான்சி' என்னும் பாறையில் கார்பனேட்டுகள் மிகுதியாக இருப்பது வெளியிடப்பட்டது. அது ஈரமான, கடுங்காரமோ கடும்புளிப்போ அற்ற ஒரு சூழல் அங்கு இருந்தமைக்குச் சான்று. ஐந்தாண்டுகள் குறிப்பேட்டில் கிடந்த அளவீடுகளைப் பொறுமையோடு மீண்டும் படித்தவர்களுக்கு அது கிடைத்தது. சிக்கிய இடமும் வீண் போகவில்லை. தப்பிக்கச் சுழன்ற சக்கரங்கள் கிளறிய மண் அடுக்குகளை ஆராய்ந்தபோது, நீர் கசிந்து இறங்கியதன் அடையாளங்கள் அவற்றில் தெரிந்தன.

இரண்டாம் ஊர்தியான ஆப்பர்ச்சுனிட்டி கோளின் மறுபக்கத்தில் 2018 ஜூன் வரை உழைத்து, 45 கிலோமீட்டர் கடந்து, பெரும் தூசுப் புயலில் அடங்கியது. நம் நாட்டின் மங்கள்யானும் இவ்வகையினதே. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. ஆறு மாதத்திற்கென அமைந்தது ஏறத்தாழ எட்டாண்டுகள் உழைத்தது. 2022 ஏப்ரலில் கோளின் நிழலில் நெடுநேரம் சென்றபோது அதனுடன் தொடர்பு அற்றுப்போனது. சூரியனை நம்பி வாழும் எதற்கும் நிழலே பகை.

தகுதி என்பது யாது?

இனி நம் வீட்டுக் கணக்கிற்கு வருவோம்.

2004, 2006, 2008 ஆகிய மூன்று குளிர்காலங்களைத் தாண்டிய அதே ஊர்தி 2010-ஐத் தாண்டவில்லை. தகடு அதே தகடு. சூரியன் அதே சூரியன். சக்கரங்கள் குறைந்திருந்தன என்பதும் தூசு இருந்தது என்பதும் மெய்யே. ஆனால் முன்னர் இருந்து இப்போது இல்லாமற்போன பெரும்பொருள் ஒன்றுதான்: சூரியனை நோக்கிய சரிவு. அதைக் கட்டிய பொறியாளர் எவரும், 'இவ்வூர்திக்குத் தகுதி குறைவு' என்று எழுதி வைக்கவில்லை. அது எங்கே நிற்கிறது, எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒளி எவ்வளவு படுகிறது என்றே கணக்கெடுத்தார்கள்.

ஓர் இயந்திரத்திற்குக் காட்டிய இந்த நியாயத்தை மனிதப் பிள்ளைக்குக் காட்டச் சமுதாயம் தயங்குகிறதே, ஏன்? நம் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கையிலெடுத்துக்கொண்டு 'தகுதி, திறமை' என்று பேசுவோர், அப்பிள்ளை நின்ற சரிவைக் கேட்பதில்லை. படிக்க விளக்கிருந்ததா, உட்கார இடமிருந்ததா, ஐயம் கேட்க வீட்டில் படித்தவர் இருந்தனரா, வகுப்பில் அவன் பெயரைச் சொல்லி அழைத்தார்களா அல்லது சாதியைச் சொல்லி அழைத்தார்களா என்று கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சரிவின்மேல் நின்று வெயில் காய்ந்தவர்கள், பள்ளத்தில் நிற்பவனைப் பார்த்து 'உன் தகடு மட்டமானது' என்கிறார்கள். இட ஒதுக்கீடு என்பது தகட்டை மாற்றுவதன்று, சாய்வைத் திருத்துவது. இதனை எந்த அவையிலும் தலைநிமிர்ந்து சொல்லும் துணிவை நம் இளைஞர்கள் பெற வேண்டும்.

உவமையை ஓரளவுக்கு மேல் இழுப்பதும் தவறு. செவ்வாயில் சூரியன் செல்லும் வழியை எவரும் சூழ்ச்சி செய்து வளைக்கவில்லை. அது இயற்கை. நம் மக்கள் நிற்க வேண்டிய இடத்தையோ மனிதர்களே வகுத்தார்கள். மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். ஊர்திக்குத் தன்னைத் தூக்கிவிட அருகில் ஒரு கை இல்லை. கட்டளை கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வர வேண்டியிருந்தது. நம் பிள்ளைக்கோ அடுத்த வீட்டிலேயே கழகத்தின் உறுப்பினர் இருக்கிறார்.

இன்னுமொன்று. குளிர்காலம் திடீரென்று வரவில்லை. அது வரும் நாள் முன்னரே தெரியும். நமக்கும் அவ்வாறே நாள்காட்டி சொல்லிவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு எப்போது, கல்லூரி சேர்க்கை எப்போது, கட்டணம் கட்டக் கடைசி நாள் எது, சாதிச் சான்றிதழுக்கு எத்தனை நாள் அலைய வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவையே. பிள்ளைகள் படிப்பை விட்டு விலகுவது பெரும்பாலும் இந்தத் தெரிந்த நாள்களில்தான். ஸ்பிரிட்டிற்குக் குறைந்தது முயற்சியன்று, காலம். ஓரடி நகர்ந்தபோது குளிர்காலம் வந்துவிட்டது. ஆகவே சிக்கியபின் ஓடிவரும் கழகமாக மட்டும் நாம் இருத்தல் போதாது. மார்ச்சில் எந்தப் பிள்ளை தடுமாறுவான் என்பதை முந்திய ஐப்பசியிலேயே அறிந்து வைத்திருக்கும் கழகமாக இருக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரும் தம் தெருவில் படிக்கும் பிள்ளைகளின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி, திங்களுக்கு ஒருமுறை அவ்வீட்டுப் படியேறிக் கேட்டு வந்தால் போதும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். சிக்கிக்கொண்டால் முதலில் நில்லுங்கள். பதறிச் சுழலாதீர்கள். அடியில் என்ன கல் இருக்கிறதென்று பாருங்கள். கையிலிருக்கும் கருவி அதற்கென்று செய்யப்படாததாயினும் அதைக் கொண்டே பாருங்கள். பின்புறமாக நகர்ந்தால் வழி உண்டெனில் அதற்கு வெட்கப்படாதீர்கள். ஓராண்டு பிந்திப் படித்தவன் படிக்காதவன் ஆகமாட்டான். ஒரு கால் ஊனமானால் அதை இழுத்துக்கொண்டே செல்லுங்கள். அது கிழிக்கும் கோட்டில் பிறர் காணாத வெண்மண் உங்களுக்குத் தெரியலாம்.

நாசாவினர் ஓராண்டுக்கு மேல் அழைத்துப் பார்த்துவிட்டு, 2011 மே மாதத்தில் கோப்பை மூடினார்கள். அவர்கள் செய்தது சரியே, அது இயந்திரம். ஆனால் ஒரு பிள்ளையின் பெயருள்ள கோப்பை மூட நமக்கு உரிமையில்லை. படிப்பை விட்டுச் செங்கல் சூளைக்கும் பஞ்சாலைக்கும் போய்விட்டவனைப் பத்தாண்டு கழித்தும் அழைக்கலாம். தனித்தேர்வு எழுதலாம் என்று சொல்லலாம். அவன் விடை சொல்லாவிட்டால் மறுபடியும் அழைக்கலாம். கடந்த 25 ஆண்டுகள் நம் பெரியோர்கள் மண்ணைச் சுமந்து கொட்டி ஒரு சரிவை உண்டாக்கினார்கள். அடுத்த 25 ஆண்டுகளில் அச்சரிவின்மேல் ஒரு பிள்ளைகூட விடுபடாமல் ஏற்றி நிறுத்துவது நம் பொறுப்பு.